அண்ணன் நீட்டும் பத்திரத்தில் ஒப்பு போடுவதுதான் தாழ்மையா?

களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி ஐந்து பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் சபையும் வெளியே தெரியக் கூடாது என்று கேட்டிருக்கிறார். அவற்றைத் தவிர்த்து விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அவருக்கு வயது 59. திருமணம் 1987இல். கணவர் இறந்து எட்டு வருஷமாகிறது. இருபத்தாறு வருஷம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், அண்டி தல்லி (கொட்டை உடைத்து) பிழைத்தவர். தோட்டெண்ணெய் பட்டுப் பட்டு விரல் ரேகையே தேய்ந்துவிட்டது, ரேஷன் கடை மெஷினில் ரேகை விழுவதில்லை என்று எழுதுகிறார். ஒரே மகன் குவைத்தில். அப்பா 2011இலும் அம்மா 2023இலும் உயில் எதுவும் எழுதாமல் காலமானார்கள். அப்பா பெயரில் தமிழ்நாட்டுப் பக்கம் 90 சென்ட் ரப்பர், 9 சென்ட்டில் வீடு, எல்லைக்கு அந்தப்புறம் பாறசாலைப் பக்கம் 36 சென்ட். அத்தனையும் அவர் உழைத்து வாங்கியவை. பிள்ளைகள் மூவர்: அண்ணன், இவர், தம்பி. ரப்பர் பால் வெட்டு வருமானம் 2011 முதல் அண்ணன் கையில். தம்பிக்குச் சிறுநீரகம் பழுதாகி, செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ்.

அண்ணன் சபைக் கமிட்டியில் இருப்பவர். பெரிய வியாழன் ஆராதனையில், இயேசு சீடர்களின் பாதத்தைக் கழுவியதைப் பற்றிப் போதகர் பிரசங்கித்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணனும் மைனியும், சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித்தரும் விடுதலைப் பத்திரத்தில் ஒப்பு (கையெழுத்து) வாங்க வீட்டுக்கு வந்தார்கள். "தம்பி ஒப்பு போட்டாச்சு. நீயும் போட்டா எல்லாம் ஒண்ணாக் கெடக்கும். அவன நான் பாத்துக்கிடுவேன். உனக்கு அப்பவே பதினோரு பவுன் போட்டு அனுப்பியாச்சே" என்றிருக்கிறார் அண்ணன். "பாதம் கழுவின கர்த்தர் பங்கு கேட்டாரா?" என்று மைனி கேட்டிருக்கிறார். மகனோ குவைத்திலிருந்து, "ஒரு சென்ட் விட்டுக்குடுக்காதீங்கம்மா, கேஸ் போடுவோம்" என்கிறார். கடிதம் இப்படி முடிகிறது: "ஒப்பு போடாவிட்டால் நான் பெருமைக்காரியா? போட்டால் அது தியாகமா, பயமா என்று எனக்கே தெரியவில்லை. மூன்று மாதமாகத் திருவிருந்து எடுக்கவில்லை."

அன்புச் சகோதரி,

குழித்துறை நீதிமன்றங்களில் முப்பது வருஷத்துக்கு மேலாகச் சிவில் வழக்குகள் நடத்தி வருகிறேன். உங்களைப் போலவே ஓய்வுநாள் பள்ளியில் வசனம் மனப்பாடம் பண்ணி வளர்ந்தவள். வேதத்துக்கு விளக்கம் சொல்லும் அதிகாரம் எனக்கில்லை, அதற்குப் போதகர் இருக்கிறார். என்றாலும் உங்கள் வீட்டுக்கு அந்தப் பத்திரம் வசனத்தைப் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்துத்தான் நான் பேச வேண்டியிருக்கிறது.

மைனி சொன்ன அதே அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், யோவான் 13. இயேசு பந்தியிலிருந்து எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் வார்ப்பது நாலாம், ஐந்தாம் வசனங்களில் வருகிறது. பிரசங்கம் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். அதற்கு முந்திய மூன்றாம் வசனத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். பிதா எல்லாவற்றையும் தம் கையில் கொடுத்திருக்கிறார் என்று அறிந்து, தாம் எங்கிருந்து வந்தோம், எங்கே போகிறோம் என்று அறிந்து, அதன் பிறகுதான் அவர் எழுந்தார் என்று யோவான் எழுதுகிறார். தம் கையில் என்ன இருக்கிறது என்று முழுக்கத் தெரிந்தவர் அந்தத் துணியை எடுத்தார். வேறு யாரும் அதை அவர் கையில் திணிக்கவில்லை. பத்தாம் அதிகாரத்தில் தம் ஜீவனைக் கொடுப்பதைப் பற்றிச் சொல்லும்போதும் இதே பேச்சுதான்: ஒருவனும் அதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்வதில்லை, நானாகவே கொடுக்கிறேன் என்கிறார்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இந்த மூன்றாம் வசனத்தில் இருக்கிறது. என்ன இருக்கிறது என்று தெரிந்து, யாருக்குப் போகிறது என்று தெரிந்து, மனதாரக் கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் கடைசிச் சென்ட் வரை கொடுத்தாலும் நான் உங்களைத் தடுக்க மாட்டேன். பத்திரத்தை எழுதுவதற்கு நானே உதவுவேன். தெரியாமல், மைனியின் ஒரு வார்த்தைக்குப் பயந்து கொடுத்தால், அதைத் தியாகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் முதலில் கையில் இருப்பதைக் கணக்குப் பார்ப்போம்.

உங்கள் கையில் இருப்பது

கிறிஸ்தவர்களான நமக்கு 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். எல்லைக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் அதே சட்டம்தான். உயில் இல்லாமல் ஒருவர் இறந்து, மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், மூன்றில் ஒரு பங்கு மனைவிக்குப் போகும். மீதி பிள்ளைகளுக்குச் சமம், மகன் என்றும் மகள் என்றும் அங்கே பிரிவு கிடையாது. உங்கள் அப்பாவுக்கு மொத்தம் 135 சென்ட். 2011இல் அவர் கண் மூடிய அன்றே அம்மாவுக்கு 45 சென்ட், உங்கள் மூவருக்கும் ஆளுக்கு 30 சென்ட். 2023இல் அம்மாவின் 45 சென்ட் உங்கள் மூவருக்கும் 15 வீதம் வந்தது. ஆக உங்கள் பங்கு 45 சென்ட். வீட்டு மனைக்கும் ரப்பர் நிலத்துக்கும் விலை வேறு என்பதால் மொத்த மதிப்பில் மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இது அண்ணன் உங்களுக்குத் தர வேண்டியது என்று நினைத்தீர்கள். ஏற்கெனவே உங்களுடையது, சகோதரி. அவர் கொண்டுவந்திருப்பது இந்தப் பங்கை ஒரு பைசா வாங்காமல் அவருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம்.

அண்ணனைக் குற்றவாளியாகப் பார்ப்பதற்கு முன் ஒரு பழைய கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் குமரி மண் 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதுவரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. அங்கே கிறிஸ்தவர்களுக்கென்று 1916இல் ஒரு வாரிசுச் சட்டம் போட்டார்கள். தகப்பன் உயில் இல்லாமல் இறந்தால் மகளுக்குச் சீதனம் மட்டும்தான். அதுவும் மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. விதவைக்கோ சாகும் வரை, அல்லது மறுமணம் செய்யும் வரைதான் அனுபவம். பெண்ணுக்கும் சமமாகக் கொடுக்கும் வழக்கமுள்ள சில கிறிஸ்தவ சமூகங்களுக்கு அந்தச் சட்டமே விலக்கு தந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சமமாகக் கொடுப்பது நம் மண்ணுக்குப் புதிதில்லை.

கோட்டயத்தைச் சேர்ந்த ஆசிரியை மேரி ராய் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1986 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 1951 ஏப்ரல் 1 முதலே அந்தத் திருவிதாங்கூர்ச் சட்டம் செல்லாது, மகளுக்கும் சம பங்குதான் என்று நீதிமன்றம் சொன்னது. உங்கள் கல்யாணத்துக்கு முந்திய வருஷம் அது. சட்டப் புத்தகத்தில் மாறியது வீட்டுத் திண்ணையில் இன்னும் மாறவில்லை. உங்கள் அண்ணன் பேசுவது அநேகமாக அவருடைய பெரியப்பாமார் பேசிக் கேட்ட பேச்சு. வஞ்சகம் என்று முடிவு கட்டுவதற்கு முன், தெரியாமை என்று எடுத்துக்கொள்ளப் பாருங்கள்.

உங்களிடம் சொல்லப்பட்டவற்றில் திருத்த வேண்டியவை

பதினோரு பவுன். கல்யாணத்தின்போது போட்ட நகையும் கொடுத்த பணமும் பங்கில் கழிந்துவிடும் என்கிறார் அண்ணன். நம் வாரிசுரிமைச் சட்டத்தின் 49ஆம் பிரிவு இதற்கு நேர் மாறு. தகப்பன் தன் வாழ்நாளில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததை, அவர் இறந்தபின் அந்தப் பிள்ளைக்கு வரும் பங்கில் கழிக்கக் கூடாது. உங்கள் பவுனும் கழியாது, அண்ணனைப் படிக்கவைத்த செலவும் கழியாது.

1989 கணக்கு. "1989க்கு முன்னால் கல்யாணம் ஆன பெண்ணுக்குப் பங்கு இல்லை" என்று பத்திரம் எழுதுபவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது இந்துக் குடும்பங்களின் பூர்வீகக் கூட்டுச் சொத்துக்காகத் தமிழ்நாட்டில் வந்த திருத்தம். அங்கேகூட 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. நமக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மகனின் பேச்சு. இதைச் சற்று வருத்தத்தோடுதான் சொல்கிறேன். உங்கள் பங்கில் உங்கள் மகனுக்கு இன்றைக்கு உரிமை எதுவும் கிடையாது. நம் சட்டத்தில் பிறப்பால் வரும் பங்கு என்று ஒன்றில்லை. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அது உங்கள் சொத்து, முடிவும் உங்களுடையது. ஒரு பக்கம் அண்ணன் தள்ளுகிறார், மறுபக்கம் மகன் இழுக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் உங்கள் மனசு என்ன சொல்கிறது என்று ஐந்து பக்கத்திலும் தேடினேன். நாலாம் பக்கத்தின் ஓரத்தில்தான் கிடைத்தது: "தம்பிக்குக் கிடைத்தால் எனக்குச் சந்தோஷம்." அதற்குப் பிறகு வருகிறேன்.

தாழ்மை ஒருவர் மட்டும் சுமப்பதா?

பிலிப்பியர் இரண்டாம் அதிகாரத்தை அண்ணன் எடுத்துச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கிறிஸ்து தம்மைத்தாமே வெறுமையாக்கியதைச் சொல்லும் பகுதி. அதற்குச் சற்று முன்னால், மனத்தாழ்மையினாலே "ஒருவரையொருவர்" மேன்மையாக எண்ணுங்கள் என்று பவுல் சொல்கிறார். ஒருவரையொருவர் என்றால் இரண்டு பக்கமும் அடங்கும். தங்கை மட்டும் அண்ணனை மேன்மையாக எண்ண வேண்டும் என்று அங்கே எழுதவில்லை. அதே வசனம் அண்ணனிடமும் கேட்கிறது: விதவையான தங்கையையும் நோயாளித் தம்பியையும் உன்னைவிட மேலாக எண்ணுகிறாயா என்று. இதை அவரிடம் வாதமாகச் சொல்ல வேண்டாம். உங்கள் மனசைப் போட்டு நீங்களே அரித்துக்கொண்டிருக்கிறீர்களே, அதை நிறுத்துவதற்காகச் சொல்கிறேன்.

1 கொரிந்தியர் ஆறாம் அதிகாரத்தை உங்களிடம் யாரும் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். சகோதரனுக்கு எதிராகச் சகோதரன் வழக்குக்குப் போவதைப் பவுல் கடுமையாகக் கண்டிக்கிறார். அதைவிட நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டால் என்ன என்று கேட்கிறார். என் தொழிலையே நிறுத்திக் கேட்கும் வசனம் அது. அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. நீங்கள் ஜெபித்து, நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தால் அது வேதத்துக்கு ஏற்ற முடிவுதான். ஆனாலும் பவுல் அங்கே நிற்கவில்லை. அடுத்த வசனத்திலேயே, நீங்களே அநியாயம் செய்கிறீர்கள், அதையும் சகோதரருக்கே செய்கிறீர்கள் என்று மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார். நஷ்டத்தைப் பொறுக்கச் சொன்ன வசனத்துக்கு இரண்டு வசனம் முன்னால், சகோதரருக்குள் நியாயம் தீர்க்க உங்களில் ஒரு விவேகி கூடவா இல்லை என்றும் கேட்கிறார். பொறுத்துக்கொள்வதற்கும் கோர்ட்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு என்று அந்த மூன்று வசனங்களையும் சேர்த்து வாசித்தால் தெரியும்.

கேட்பதே பெருமையா என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. எண்ணாகமம் 27இல் செலோப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேக்கு முன்னும் சபையார் எல்லாருக்கு முன்னும் வந்து நின்று, எங்கள் தகப்பன் பேர் அற்றுப்போகக் கூடாது, எங்களுக்கும் காணியாட்சி கொடுங்கள் என்றார்கள். அவர்களுக்கு அண்ணன் தம்பி இல்லை, உங்கள் நிலை வேறு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெண்கள் கேட்டது சரி என்றுதான் கர்த்தர் சொன்னார், அடக்கமில்லாதவர்கள் என்று சொல்லவில்லை. நம் ஊரிலும் பாருங்கள். மேலாடை போடும் உரிமைக்காக நம் பூட்டிமார் 1820களிலிருந்து 1859 வரை எத்தனை அடியும் அவமானமும் தாங்கினார்கள்! அவர்களில் ஏராளமானோர் புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்கள். "உன் இடத்தில் இரு, தாழ்மையாய் இரு" என்றுதான் அன்றைக்கு அவர்களுக்கும் சொல்லப்பட்டது. 1859இல் மகாராஜா அறிக்கை வெளியிட்டு அனுமதிக்க வேண்டியதாயிற்று. அந்த அனுமதியிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அவர்கள் பெருமைக்காரிகளா?

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஓர் இடம். எழுதிக்கொண்டே வந்தவர், போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். அம்மா படுக்கையில் கிடந்த மூன்று வருஷமும் நீங்கள்தான் பார்த்தீர்கள். முதுகுப் புண்ணில் நீர் வடியும், வெந்நீரில் துணி நனைத்துத் துடைப்பீர்கள், ராத்திரி அம்மாவின் கால் விரலைப் பிடித்தபடியே தூங்கிவிடுவீர்கள், அம்மா அசைந்தால் விரல் அசையும், விழித்துக்கொள்ளலாம் என்று. பாதம் கழுவுவது என்றால் என்ன என்று உங்களுக்கு இனி ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மூன்று வருஷத்துக்கு யாரும் பத்திரம் எழுதிக்கொண்டு வரவில்லை.

தம்பிக்காக என்றால்

சில வருஷம் முன்பு சார்பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு பெண்களை ஒரே நாளில் பார்த்தேன். முதல் பெண் தன் பங்கைத் தம்பியின் விதவைக்கு விட்டுக்கொடுக்க வந்திருந்தார். எத்தனை சென்ட், எந்த சர்வே எண், இன்றைய விலை என்ன என்று கேட்டால் பட்டென்று சொல்வார். எழுத்தர் பத்திரத்தில் ஒரு சர்வே எண்ணைத் தப்பாக அடித்திருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். விருப்பப்பட்டுத்தான் கொடுக்கிறீர்களா என்று அதிகாரி கேட்டபோது, "பின்னே, அந்தப் பிள்ளைக எங்க போவும்?" என்றார். அடுத்து வந்த பெண்ணிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள். அவர் பதில் சொல்லாமல் பக்கத்தில் நின்ற அண்ணன் முகத்தைப் பார்த்தார். அண்ணன் தலையசைத்த பிறகுதான் ஆமாம் என்றார். இரண்டு பத்திரத்திலும் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான், போட்ட முத்திரையும் ஒன்றுதான்.

உங்களுக்குத் தம்பி மேல் இருக்கும் அன்பு நிஜம். அதனால்தான் அண்ணன் நீட்டும் பத்திரத்தைப் பற்றி எனக்குப் பயம். அதில் ஒப்பு போட்டால் உங்கள் பங்கு தம்பிக்குப் போகாது, அண்ணனுக்குப் போகும். தம்பியும் போட்டிருந்தால் 135 சென்ட்டும் ஒரே பெயரில். "பாத்துக்கிடுவேன்" என்பது பத்திரத்தில் ஒரு வரியாகக்கூட இல்லை, நீங்கள் அனுப்பிய நகலை இரண்டு முறை வாசித்தேன். அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அவருடைய மனைவி மக்களுக்கு அந்தச் சொல்லைக் காப்பாற்றும் கடமை சட்டத்தில் இல்லை. தம்பியின் மனைவியும் படிக்கிற இரண்டு பிள்ளைகளும் வெறுங்கையோடு நிற்பார்கள். உங்கள் தாழ்மைக்கு அந்தப் பிள்ளைகள் விலை கொடுக்கலாமா?

உங்களுக்கு முன்னால் இருக்கும் வழிகளில் மனசுக்கு ஒப்பும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

பங்கைத் தம்பிக்கே கொடுப்பது. உடன்பங்காளி என்பதால் அவர் பெயருக்கே விடுதலைப் பத்திரம் எழுதலாம், செட்டில்மென்டாகவும் எழுதலாம். ஒன்றைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்: அவர் காலத்துக்குப் பின் அது அவருடைய மனைவி பிள்ளைகளுக்குப் போகும், உங்களுக்குத் திரும்பாது. அது சம்மதமா என்று மனசைக் கேளுங்கள்.

பாதியைக் கொடுத்துப் பாதியை வைத்துக்கொள்வது. ரப்பர் பங்கைத் தம்பிக்குக் கொடுத்து, வீட்டில் வாழ்நாள் முழுக்கக் குடியிருக்கும் உரிமையை உங்களுக்கு எழுதிக்கொள்ளலாம். நீங்கள் இருப்பது வாடகை வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். விரல் ரேகை போன பிறகு எந்த வேலைக்குப் போவீர்கள்? கொடுக்கிறவர் தெருவில் நிற்க வேண்டும் என்று அன்பு கேட்பதில்லை. அடுத்த வருஷம் உங்களுக்கு 60 நிறைந்துவிடும். அதன்பிறகு எழுதும் பத்திரத்தில், என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்து எழுதினால், பராமரிக்காதபோது அதை ரத்து செய்யக் கேட்க 2007ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டம் இடம் தருகிறது. நிபந்தனை எழுத்தில் இருக்க வேண்டும்.

மூவரும் சேர்ந்து பாகப்பிரிவினை. இதுதான் எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. ஆளுக்குரியதை ஆளுக்குப் பிரித்துவிட்டால், பிறகு நீங்கள் தம்பிக்குக் கொடுப்பது உங்கள் கொடை என்று ஊருக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும். பால் வெட்டு வருமானத்துக்கும் கணக்குக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விட்டுக்கொடுக்க வேண்டும் என்று மனசு துடித்தால் அங்கிருந்து தொடங்குங்கள். போன வருமானத்தை அண்ணனுக்கு மன்னித்துவிடலாம், நிலத்தை மட்டும் பிரிக்கலாம்.

இப்போதைக்கு எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான். உடன்பங்காளி ஒருவர் அனுபவிப்பதால் மட்டும் மற்றவர் பங்கு அழிந்துவிடாது. ஆனால் உனக்குப் பங்கே இல்லை என்று வெளிப்படையாக மறுத்து, அந்த நிலையிலேயே 12 வருஷம் போனால் சிக்கல் வரும். ஆகவே நெடுங்காலம் சும்மா இருக்க வேண்டாம்.

ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிவான விடுதலைப் பத்திரத்தை மனசு மாறினேன் என்று திரும்பப் பெற முடியாது. ஏமாற்றி வாங்கினார்கள், அழுத்தம் கொடுத்து வாங்கினார்கள் என்று வழக்குப் போடலாம், அது தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள். ஆவிக்குரிய காரியத்தைச் சொல்லி மனசை வளைத்தார்கள் என்பதையும் சட்டம் தகாத செல்வாக்காக எடுத்துக்கொள்ளும். ஆனால் அதை நிரூபிப்பது கடினம். சாட்சி சொல்ல உங்கள் சபையிலிருந்து யார் வருவார்?

இந்த மாதத்தில் செய்ய வேண்டியவை

இரண்டு பக்க நிலத்துக்கும் வில்லங்கச் சான்று எடுங்கள். பதிவாகியிருந்தால் தம்பி ஒப்பு போட்டது அதில் தெரிந்துவிடும். அப்பா, அம்மா இருவரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப் பத்திர நகல், தீர்வை ரசீது ஆகியவற்றை ஒரு பையில் சேர்த்து வையுங்கள். பாறசாலைப் பக்க நிலத்துக்குப் போக்குவரவு (வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றம்) யார் பெயரில் நடந்திருக்கிறது என்று அங்குள்ள வில்லேஜ் ஆபீசில் கேளுங்கள். வெற்றுத் தாளிலோ பவர் பத்திரத்திலோ யார் கேட்டாலும் ஒப்பு போட வேண்டாம்.

பவுல் சொன்ன விவேகியைத் தேடுங்கள். அண்ணனோடு கமிட்டியில் இல்லாத, இரண்டு குடும்பத்தையும் தெரிந்த ஒரு மூத்தவராக இருந்தால் நல்லது. ஓய்வுபெற்ற ஆசிரியரோ, வேறு சபைப் போதகரோ யாராவது இருப்பார்கள். அது கூடிவராவிட்டால் குழித்துறையிலேயே வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். பெண் என்பதாலேயே வருமானம் பார்க்காமல் உங்களுக்கு இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். வழக்குப் போடாமலேயே மூவரையும் கூப்பிட்டுப் பேசவைத்து, லோக் அதாலத்தில் சமரசமாக முடித்துத் தருவார்கள். அந்த உத்தரவுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு, அப்பீல் கிடையாது.

அண்ணன் மறுபடி வந்தால் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். நானாக இருந்தால் இவ்வளவுதான் சொல்வேன்: "அண்ணே, சண்டை போடணும்னு எனக்கு இல்ல. எனக்கு என்ன உண்டுன்னு தெரிஞ்சுட்டு, தம்பிக்கு என்ன ஆவும்னு பாத்துட்டு, பெறவு சொல்லுதேன்." குரலை உயர்த்த வேண்டாம், அழவும் வேண்டாம். ஒரு சாயா போட்டுக் கொடுங்கள்.

திருவிருந்தைப் பற்றி

மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை நினைத்துத்தான் மூன்று மாதமாக ஒதுங்கியிருக்கிறீர்கள். உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டு என்று நினைவு வந்தால் காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று வருகிறதே, அந்தப் பகுதி. ஒப்புரவாகு என்ற இடத்தில் ஒப்பு போடு என்று நீங்கள் வாசித்துவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. போய்ப் பேசு என்கிறார் கர்த்தர். நீங்கள் பேசத் தயாராக இருக்கிறீர்கள், கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. அண்ணன் மேல் உங்கள் மனசில் பகை இல்லை. நான் சொல்வதைவிடப் போதகரிடம் பத்து நிமிஷம் மனம் விட்டுப் பேசுங்கள், பத்திர விஷயத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். அவருடைய பிரசங்கத்தை எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்தினார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

ஒன்று மட்டும் பாக்கி. தம்பி ஒப்பு போட்டுவிட்டார் என்று அண்ணன் சொன்னார், தம்பி உங்களிடம் சொல்லவில்லை. இந்த மூன்று மாதத்தில் நீங்கள் தம்பி வீட்டுக்குப் போகவே இல்லை, என்ன முகத்தோடு போவது என்று கூச்சம். டயாலிசிஸ் நாளில் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும்போது ஆள் அசந்துபோயிருப்பார், அன்றைக்கு வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே அங்கே போங்கள். பத்திரப் பேச்சை முதலில் எடுக்காதீர்கள். அவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை தம்ளர் தண்ணீர் என்று டாக்டர் அளவு சொல்லியிருப்பார், அதைத் தம்பி மனைவியிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள்.